பிறக்கும் பிள்ளைக்கு எடுத்து வைக்க வேண்டியவை

தறியில் ஓடுகின்ற பாவு முடிவதற்குள் அடுத்த பாவுக்கு நூல் உண்டா என்று சங்கத்திற்கு வந்து விசாரியாத நெசவாளி இல்லை. ஆடிப் பட்டத்திற்கு வேண்டிய விதையைக் கோடையிலேயே உலர்த்திப் பத்திரப்படுத்தாத உழவரும் இல்லை. முன்னேற்பாடு என்பது நம் இரு தொழில்களுக்கும் உயிர் போன்றது. அப்படிப்பட்ட நம் வீடுகளில், பல மாதங்களுக்கு முன்பே தன் வரவை அறிவித்துவிட்டு வருகின்ற ஒரு சிறு விருந்தாளிக்கு மட்டும் நாம் யாதோர் ஏற்பாடும் செய்து வைப்பதில்லை. வலி கண்ட பிறகு பெட்டியைக் குடைந்து துணி தேடுகிறோம். ஆஸ்பத்திரியில், "குழந்தையைத் துடைக்கத் துணி எங்கே?" என்று கேட்ட பிறகு கடைக்கு ஆள் ஓட்டுகிறோம். அவ்வாறு ஓடியவர் அவசரத்தில் எதை வாங்கி வருவார்? கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவதைத்தான் வாங்கி வருவார். அது பெரும்பாலும் பளபளப்பான ஒரு பெட்டியாக இருக்கும். அதனுள் பவுடர் இருக்கும். வாசனைத் தைலம் இருக்கும். சரிகை வைத்துத் தைத்த நைலான் சட்டை இருக்கும். குழந்தையைத் துடைப்பதற்குத் தகுந்த பருத்தித் துணி ஒன்றுகூட இராது.

துணி நெய்கிறவர் வீட்டிலேயே பிள்ளைக்குத் துணி இல்லை என்னும் இந்நிலை வெட்கப்படத் தக்கது. பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு வாரங்களில் வேண்டிய பொருள்கள் மிகச் சில. அவற்றிற் பெரும்பாலானவை நம் வீடுகளிலேயே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைக்கும் பழக்கமும், அதற்குத் துணை நிற்கும் சங்க ஏற்பாடும்தான் இல்லை. இவ்விரண்டையும் பற்றி அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இது அற்ப விஷயம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2020 ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில் 28 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அந்த 28இல் 20 குழந்தைகள் பிறந்த 28 நாட்களுக்குள்ளேயே இறந்தவை. தமிழகத்தில் முதல் ஆண்டில் இறந்தவை 1000க்கு 13 என்னும் அளவுக்குக் குறைந்தது பெருமைக்குரியதே. ஆயினும் முதல் சில வாரங்கள்தாம் மிகுந்த கவனத்தைக் கோருபவை என்பதில் மாற்றமில்லை. குளிர் தாக்காமல் காத்தல், கிருமி அண்டாமல் காத்தல், தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வாயில் படாமல் காத்தல், ஆபத்தின் அறிகுறியை உடனே கண்டுகொள்ளுதல் ஆகிய நான்கும் அவ்வாரங்களில் நாம் செய்ய வேண்டிய காவல். எடுத்து வைக்கும் பொருள்கள் அனைத்தும் இந்த நான்கிற்கும் பயன்படுகின்றனவா என்று பார்த்தே எடுத்து வைக்க வேண்டும்.

வழக்கம் குறுக்கே நிற்கிறதா?

"பிள்ளை பிறக்கு முன்பே அதற்கென்று பொருள் வாங்குவது ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இவ்வழக்கத்தை இகழ வேண்டிய அவசியமில்லை. பிறந்த பிள்ளைகள் பல தங்காமற்போன காலத்தில் வாழ்ந்தவர்கள் ஆசையை அடக்கி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அதே பெரியவர்கள்தாம், "பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாதே, பழந்துணியிலேயே ஏந்து" என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது வார்த்தையை நாம் மறந்துவிட்டு முதல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து மடித்து வைப்பதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை; காசு கொடுக்க வேண்டியதில்லை; வழக்கத்தையும் மீற வேண்டியதில்லை. வளைகாப்புக்கு உறவினர்கள் கூடுகின்ற அன்றே, வளையலோடும் சித்திரான்னத்தோடும் ஆளுக்கொரு பழைய மெல்லிய வேட்டியைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தால், அப்பெண்ணுக்கு அதைவிட உபயோகமான சீர் வேறொன்று இருக்க முடியாது.

துணிக் கணக்கு

குழந்தைக்கு முதலில் வேண்டியது அணையாடை. பிறந்து ஐந்தாறு நாட்களான குழந்தை, தாய்ப்பாலை நன்றாகக் குடிக்கிறது என்பதற்கு அடையாளமாக நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும். மலம் கழிப்பதையும் சேர்த்தால் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணிகள் வேண்டியிருக்கும். அடைமழைக் காலத்தில் ஒரு நாளில் துணி உலராது. ஆகவே இரண்டு நாளுக்குப் போதுமான 24 துணிகள் கையிருப்பில் இருக்க வேண்டும். எட்டு முழ வேட்டி 12 அடி நீளமும் ஏறத்தாழ 50 அங்குல அகலமும் உடையது. 24 அங்குலச் சதுரமாகக் கிழித்தால் அதிலிருந்து 12 துணிகள் கிடைக்கும். அதாவது, இரண்டே பழைய வேட்டிகளில் இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

இதற்குப் பதிலாகக் கடையில் விற்கும் டயாப்பரையே நம்பினால் என்ன ஆகும்? ஒன்று பத்து ரூபாய் என்றும், நாளைக்கு எட்டு என்றும் வைத்துக்கொண்டாலும் மாதம் 2,400 ரூபாய் ஆகிறது. பிரயாணத்திற்கோ, தாய்க்குக் கண்ணயர முடியாத ஓரிரவுக்கோ அது உதவும். அதனைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ஈரத்தோடு நெடுநேரம் விட்டுவைத்தால் எந்த அணையாடையாயினும் குழந்தையின் தோல் சிவந்து புண்ணாகும். நெய்கிறவர் வீட்டில் அன்றாடத் தேவைக்கு அது அவசியமில்லை.

அணையாடைக்கு அடுத்தபடி வேண்டியவை, குழந்தையைச் சுற்றுவதற்கு 36 அங்குலச் சதுரமான மெல்லிய போர்வைத் துணிகள் நான்கு. ஈரத்தை நன்றாக உறிஞ்சக்கூடிய தடித்த துண்டுகள் மூன்று. முன்பக்கம் முடிச்சிடுமாறு தைத்த சட்டைகள் ஆறு. தலைக்குக் குல்லாய் இரண்டு. கால் உறை இரண்டு ஜோடி. சட்டையில் பொத்தானும் ஊக்கும் சரிகையும் வேண்டா. துண்டு மூன்று எதற்கு என்று கேட்கலாம். பிறந்தவுடன் குழந்தையைத் துடைக்க ஒன்று, துடைத்த ஈரத்துணியை அகற்றிவிட்டுப் புதிதாகப் போர்த்த ஒன்று, மாற்றுக்கு ஒன்று. ஈரத்துணியிலேயே குழந்தையை வைத்திருப்பதால் அதன் உடற்சூடு விரைவில் இறங்கிவிடும். பிறந்தவுடன் குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வைத்து, மேலே துணி போர்த்துவதே சிறந்த கணப்பு. குறைந்தது 24 மணி நேரம் கழிந்த பின்னரே முதல் குளியல் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதும் இதனால்தான்.

தாயின் துணியையும் மறக்கலாகாது. பிரசவத்திற்குப் பின் சில வாரங்கள் உதிரப்போக்கு இருக்கும். அதற்கு வேண்டிய தூய துணிகளோ, பஞ்சணைகளோ முன்கூட்டியே தனியாக எடுத்து வைக்கப்பட வேண்டும். பால் கொடுப்பதற்கு ஏற்றவாறு முன்புறம் திறக்கும் உடைகள் நான்கைந்தும் வேண்டும்.

துணியின் பக்குவத்தைப் பற்றி நெசவாளிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வார்த்தை. தறியிலிருந்து இறங்கிய புதுத்துணியில் பாவுக்கு ஊட்டிய கஞ்சி இருக்கிறது. அது விறைப்பாக இருப்பது மட்டுமன்று; ஈரத்தையும் உறிஞ்சாது. ஆகவே புதுத் துணியாயின் கொதிநீரில் ஊறவைத்து, நாலைந்து முறை அலசி, கஞ்சி முற்றும் நீங்கிய பின்னரே குழந்தைக்கு எடுக்க வேண்டும். சாயம் தோய்த்த துணியைவிடக் கோரா நூலில் நெய்த துணியே நல்லது. துவைத்தபின் நல்ல வெயிலில் உலர்த்தி, மடித்து, மூடியுள்ள ஒரு பெட்டியில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

துணியல்லாதவை

மற்றப் பொருள்களின் பட்டியல் நீண்டதன்று. கொசுவலை ஒன்று, படுக்கையின் மேல் விரிக்க ரப்பர் விரிப்பு ஒன்று, அழுக்குத் துணி போட மூடியுள்ள வாளி ஒன்று, குழந்தையின் துணிக்கென்றே தனிச் சோப்பு, கை கழுவுவதற்கு எல்லோருக்கும் எட்டும் இடத்தில் சோப்பும் நீரும், நகம் வெட்டச் சிறு கத்தி, இரவில் பார்க்க ஒரு கைவிளக்கு. இவற்றோடு ஒரு வெப்பமானி. பாதரச வெப்பமானி உடைந்தால் அபாயம். எண் காட்டும் மின்கல வெப்பமானி போதும். அக்குளில் வைத்துப் பார்க்கும்போது 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்டாலும், 35.5 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் காத்திருக்கக் கூடாது. பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல் எவ்வளவு கொடியதோ, அவ்வளவு கொடியது குளிர்ந்துபோதலும்.

வெப்பமானி வைத்திருக்கும் பெட்டியின் மூடியிலேயே பின்வருவனவற்றை எழுதி ஒட்டி வைக்கலாம்: குழந்தை பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், நிமிடத்திற்கு 60க்கு மேல் மூச்சு வாங்குதல், மூச்சு விடும்போது மார்புக்குழி உள்வாங்குதல், வலிப்பு, பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் காணுதல், அல்லது பின்னர் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல், சீழ் வருதல். இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, உடன் செல்பவர் யார், வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பனவும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

காகிதங்களும் எடுத்து வைக்க வேண்டிய பொருள்களே. தாய் சேய் நல அட்டை, கர்ப்பப் பதிவு எண், ஆதார் நகல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வைப்பது நலம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இவையே வேண்டும். 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பிறப்பைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே வயதுக்கு ஆதாரம் என்று சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. தாயின் பெயரும் தந்தையின் பெயரும் எழுத்துப் பிழையின்றி ஏறுகின்றனவா என்பதை அன்றே பார்த்துவிட்டால், பிற்காலத்தில் அலுவலகம் அலுவலகமாக அலைவது மிச்சம்.

வீட்டிற்குள் வரக்கூடாதவை

"நெய்கிறவனுக்கு எதற்குக் குரங்குக்குட்டி?" என்றொரு பழமொழி நம்மவர்களைக் குறித்தே வழங்குகிறது. உதவாததோடு நில்லாமல், உள்ள நூலையும் சிக்காக்கிவிடும் பொருளை வீட்டில் சேர்க்காதே என்பது அதன் பொருள். பச்சைக் குழந்தையுள்ள வீட்டில் அத்தகைய குரங்குக்குட்டிகள் சில உண்டு.

அவற்றில் முதலாவது பால் புட்டி. தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, ஆறு மாதம் வரை குழந்தைக்கு வேண்டுவதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவது பெரும் பிழை. பால் புட்டியையும் மாவுப்பாலையும் விளம்பரம் செய்வதும், அவற்றை இலவசமாகக் கொடுத்துத் தாய்மாரைப் பழக்குவதும் 1992 ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கின்றன. சட்டம் இத்துணைக் கண்டிப்போடு தடுத்த பொருளை நாமே பரிசாக வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது முறையாகுமா? எடை குறைந்தோ நாள் குறைந்தோ பிறந்து, உறிஞ்சிக் குடிக்க இயலாத குழந்தைக்குக்கூடப் புட்டி தேவையில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டலாம். நம் பாட்டிமார் வைத்திருந்த அந்தப் பாலாடையை இன்று சிசுப் பராமரிப்புப் பிரிவுகளிலும் உபயோகிக்கிறார்கள். அதனைக் கொதிநீரில் எளிதில் சுத்தம் செய்துவிடலாம் என்பது அதன் தனிச் சிறப்பு.

இரண்டாவது, சேனை. பிறந்தவுடன் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது அன்பினால் செய்யப்படுவது. ஆனால் அந்த விரலோடும் நீரோடும் கிருமி செல்லக்கூடும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கை கால் செயலிழக்கும் நோயைத் தரவல்லது. பெரியவரின் குணம் பிள்ளைக்கு வர வேண்டுமானால், அவர் கை கழுவிவிட்டுக் குழந்தையை ஏந்தி ஆசி கூறட்டும். வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் ஆகியவற்றிற்கும் இதே விதிதான்.

மூன்றாவது, பவுடரும் கண்மையும் சாம்பிராணிப் புகையும். பவுடர்த் துகள் குழந்தையின் மூச்சில் ஏறும். கடைக் கண்மைகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. புகை எவருடைய நுரையீரலுக்கும் நல்லதன்று. பிறந்த குழந்தையின் நுரையீரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ வைப்பதும் கூடா. தொப்புள் உலர்ந்து தானே விழட்டும். மருத்துவர் கூறினாலன்றி அதன்மேல் எதுவும் வேண்டா.

தூளியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். தூளி நம் வீட்டின் அழகு. ஆயினும் முதல் வாரங்களில், கழுத்து நிற்காத குழந்தையின் முகவாய் மார்பில் மடிந்து மூச்சு தடைப்பட இடமுண்டு. அதுவரை தாயின் பக்கத்தில், கெட்டியான சமதரைப் படுக்கையில், தலையணையின்றி மல்லாந்து படுக்கவைப்பதே பத்திரம். எக்காலத்தும் தறிக்குழிக்கு அருகிலும், பஞ்சுத் தூசியும் சாயமும் உள்ள இடத்திலும் குழந்தையின் படுக்கை இருக்கலாகாது.

உழவர் வீடுகளுக்கு இதே போன்ற மற்றோர் எச்சரிக்கை உண்டு. பூச்சிமருந்து தெளித்த சட்டையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. குளித்து மாற்றிய பிறகே தூக்க வேண்டும். அச்சட்டையைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. மருந்துக் கலனையும் தெளிப்பானையும் வீட்டிற்குள் வையாதீர். உரச்சாக்கைக் குழந்தையின் விரிப்புக்கடியில் போடுவதையும் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றினும் பெரிய பொருள்

இதுவரை சொன்னவை அனைத்தையும் சேர்த்து வைத்துவிட்டாலும், ஒரு பொருள் இல்லாவிட்டால் மற்றவை பயனற்றுப் போகும். அப்பொருள் தாய்க்கு வேண்டிய ஆறு வார ஓய்வு. அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பிள்ளைபெற்ற பத்தாம் நாளே ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றும் பெண்களை நம் தெருக்களில் காணலாம். குற்றம் அவள் கணவருடையதென்று எளிதாகச் சொல்லிவிடலாகாது. தார் இல்லையேல் நாடா ஓடாது. நாடா ஓடாவிட்டால் கூலி இல்லை. கூலி நெசவாளியின் பெயரில் வருகிறது. அதனுள் மனைவி சுற்றிய தாரும், தாய் பிரித்த சிட்டமும் பெயரின்றி அடங்கிக் கிடக்கின்றன. கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள் என்று 2019-20 ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு கூறுகிறது. அப்படியிருந்தும், 1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும், 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு என்று 2017இல் அதற்கு வந்த திருத்தமும், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்குமே பொருந்தி வந்தன. வீட்டுத் திண்ணையில் தார் சுற்றுபவளுக்கு விடுப்பு கொடுக்க முதலாளி என்று ஒருவர் இல்லை. களையெடுக்கும் உழவர் மகளின் நிலையும் அதுவே.

அவளுக்கு முதலாளி இல்லை என்பது உண்மை. ஆனால் சங்கம் இருக்கிறது. இங்கேதான் நமது கடமை தொடங்குகிறது.

ஓய்வோடு சேர்ந்தது உணவு. பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தினும் ஒரு வேளை உணவு அதிகம் வேண்டும். அவளுக்குத்தான் நாம் "அது ஆகாது, இது ஆகாது" என்று பத்தியம் வைக்கிறோம். தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிறோம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பு, நிலக்கடலை, பால், முட்டை, பழம் ஆகிய எல்லாம் அவளுக்கு ஆகும். இவற்றிற் பல நம் அங்கத்தினர்களின் நிலத்திலேயே விளைகின்றன. கேழ்வரகும் பயறும் இருபடி அளந்து தனிப் பானையில் போட்டு வைப்பதும் எடுத்து வைத்தலே. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்தாமல் பின்னும் 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும் என்பதையும் நினைவூட்ட வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியவை

மகாசபையின் ஆலோசனைக்கு மூன்று யோசனைகளைச் சமர்ப்பிக்கிறேன்.

முதலாவது, தறிகளுக்கு வேலை குறைந்த மாதங்களில், கோரா நூலில் மெல்லிய சாதா நெசவாக அணையாடைத் துணி நெய்விக்கலாம். கஞ்சி நீக்கி வெளுத்து, 24 அணையாடை, 4 போர்வைத் துணி, 3 துண்டு ஆகியவற்றை ஒரு கட்டாகக் கட்டி, மொத்தமாக வாங்கிய வெப்பமானி ஒன்றையும் கொசுவலை ஒன்றையும் சேர்த்து, பண்டகசாலையில் அடக்க விலைக்கு வைக்கலாம். பழந்துணி போதிய அளவு இல்லாத வீடுகளுக்கு அது உதவும். நெசவாளிக்குக் கூலி, உழவர் வீட்டுக்கு நல்ல துணி. இரு சாராரும் ஒரே சங்கத்தில் இருப்பதன் பயன் இதைவிட வேறென்ன?

இரண்டாவது, கர்ப்பம் உறுதியான மாதம் முதல் மாதம் 100 ரூபாய் வீதம் சிக்கனச் சேமிப்பில் கட்டிவரும் ஏற்பாடு. ஏழு மாதத்தில் 700 ரூபாய் சேரும். துணிக் கட்டுக்கும் ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கும் அது கைகொடுக்கும். அன்றிரவு தோட்டைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

மூன்றாவதும் முக்கியமானதும், தார் உதவி. பிரசவமான வீட்டுக்கு ஆறு வாரத்திற்குச் சுற்றிய தாராகவே சங்கம் கொடுக்க வேண்டும். சுற்றுக்கூலியைப் பொது நல நிதியிலிருந்து கொடுக்கலாம். அதனால் வேறு ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஆறு வார வேலையும் கிடைக்கும். உழவர்கள் களையெடுப்பிலும் அறுவடையிலும் ஆளுக்கு ஆள் மாற்றி உழைக்கும் வழக்கத்தை இதற்கும் விரிக்கலாம்.

"இவை வீட்டு விவகாரம், சங்கத்திற்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்தவர்களிலும் நெசவாளிகள் இருந்தார்கள். அவர்கள் அன்று விற்பனைக்கு வைத்தவை மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் போன்ற வீட்டுப் பொருள்களே. கூட்டுறவு அடுப்பங்கரையிலிருந்து பிறந்த இயக்கம். தொட்டிலுக்கு அது அந்நியமன்று. "அரசாங்கமே பெட்டகம் கொடுக்கிறதே" என்று வேறு சிலர் கூறலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2015இல் தொடங்கியது பாராட்டத் தக்கதே. பின்லாந்து நாட்டில் 1938 முதலே ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் இத்தகைய பெட்டி வழங்கப்படுகிறது. ஆனால் அரசுப் பெட்டகம் பிரசவத்திற்குப் பின் கைக்கு வருவது. 24 அணையாடைகளும் அதில் இரா. ஆறு வாரத் தாரை எந்த அரசும் சுற்றித் தராது. அது பக்கத்து வீட்டார் செய்ய வேண்டியது. பக்கத்து வீட்டார் பலர் கூடியதுதானே சங்கம்?

பிறர் வீட்டுக் கல்யாணத்திற்குப் பட்டும், பிறர் வீட்டுப் பொங்கலுக்கு வேட்டியும் நெய்து அனுப்புகிறோம். நம் வீட்டில் பிறக்கும் பிள்ளை முதன்முதலில் உணரும் துணி நம் கையால் நெய்து, நம் கையால் துவைத்து, நாம் காலத்தோடு எடுத்து வைத்ததாக இருக்கட்டும். அங்கத்தினர் வீடுகளில் இந்த மாதம் ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ நடப்பவர்கள் இருந்தால், மகாசபை கூடும்வரை காத்திருக்க வேண்டா. இன்றே பெட்டியைத் திறந்து இரண்டு பழைய எட்டு முழ வேட்டிகளை எடுத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள். மற்ற ஏற்பாடுகளைச் சங்கத்தில் கூடிப் பேசிக்கொள்வோம்.